கிரிப்டோ கேசினோ: 'அனுப்பு' பொத்தானை அழுத்தும் முன்

வங்கி அட்டையில் பணம் கட்டி ஏமாந்தவருக்கு வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது உண்டு. பிட்காயின் போன்ற கிரிப்டோவில் ஆடும் இணையக் கேசினோவில் அது கிடையாது. பரிவர்த்தனை பிளாக்செயினில் (கிரிப்டோவின் பொதுப் பதிவேட்டில்) ஏறி உறுதியாகிவிட்டால், அனுப்பியவராலும் அதைத் திரும்ப இழுக்க முடியாது. டாலரோடு கட்டிய யுஎஸ்டிடி என்ற கிரிப்டோவை வெளியிடும் டெதர் நிறுவனத்துக்கு ஒரு முகவரியை முடக்கும் வசதி இருப்பது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் சட்ட அமலாக்க அமைப்புகள் கேட்கும்போது நடப்பது. தனி ஒருவர் புகார் எழுதியதும் நடந்துவிடாது. அதனால் எச்சரிக்கை முழுவதும் பணம் கிளம்புவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஏதாவது ஒரு படியில் பதில் சரியாக வரவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

முதல் படி: ஆட உங்களுக்கு அனுமதி இருக்கிறதா

நீங்கள் வசிக்கும் நாட்டில் இணையச் சூதாட்டம் தடை செய்யப்பட்டிருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிகிறது. தடை இல்லையென்றால், அடுத்து தளத்தின் விதிமுறைப் பக்கத்தைத் திறந்து, அனுமதிக்கப்படாத நாடுகளின் பட்டியலில் உங்கள் நாடு இருக்கிறதா என்று தேடுங்கள். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். விபிஎன் (இருக்கும் நாட்டை மறைக்கும் செயலி) போட்டால் தளம் திறக்கிறது, கணக்கும் கிடைக்கிறது, பணத்தையும் தடையில்லாமல் வாங்கிக்கொள்கிறது. ஜெயித்து எடுக்கப் போகும்போது அடையாள ஆவணம் கேட்கிறார்கள். அதில் உள்ள நாடு பட்டியலில் இருந்தால், விதி மீறல் என்று சொல்லி இருப்பை முடக்கிவிட முடியும். விதிமுறையில் 'ஏற்கிறேன்' என்று நீங்களே டிக் போட்டிருப்பதால் வாதாடவும் இடமில்லை. 'கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) கிடையாது' என்று விளம்பரம் செய்யும் தளங்களும், சந்தேகம் வந்தால் எப்போது வேண்டுமானாலும் ஆவணம் கேட்கலாம் என்ற வரியை விதிமுறைக்குள் வைத்திருப்பது வழக்கம். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இரண்டாம் படி: தொகையை முடிவு செய்தல்

கேசினோவின் எல்லா ஆட்டங்களிலும் கணக்கு தளத்தின் பக்கமே சாய்ந்திருக்கும். ஒற்றைப் பூஜ்ஜியம் உள்ள ஐரோப்பிய ரூலெட்டில் அந்தச் சாய்வு 2.70 சதவீதம். இரண்டு பூஜ்ஜியம் உள்ள அமெரிக்க ரூலெட்டில் 5.26. கிரிப்டோ தளங்களின் டைஸ் ஆட்டங்களில் 1 சதவீதம் என்பது சகஜம். ஸ்லாட்டில் ஆர்டிபி (ஆட்டக்காரர்களுக்குத் திரும்பும் சதவீதம்) 96 என்று போட்டிருந்தால் 4 சதவீதம் தளத்துக்கு.

இந்தச் சதவீதம் நீங்கள் போட்ட பணத்துக்கு இல்லை, பந்தயம் கட்டிய மொத்தத் தொகைக்கு. 1 டாலர் வீதம் ஒரு மணி நேரத்தில் 600 முறை ஸ்லாட்டைச் சுற்றினால் மொத்தப் பந்தயம் 600 டாலர். சராசரி இழப்பு 24 டாலர். கணக்கில் நீங்கள் போட்டது 50 டாலர்தான் என்றால், இரண்டு மணி நேர ஆட்டம் அதைக் கரைக்கப் போதும். டைஸில் 1 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் தானியங்கிப் பந்தயம் போட்டுவிட்டால் நிமிடத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பந்தயங்கள் ஓடும், எனவே குறைந்த சதவீதத்தையும் வேகம் ஈடுகட்டிவிடுகிறது. ஆட்டத்தின் சதவீதத்தைப் பார்ப்பவர்கள் அதன் வேகத்தையும் பார்க்க வேண்டும்.

எனவே மாதத்துக்கு எவ்வளவு முழுவதுமாகப் போனாலும் வாடகை, கடன் தவணை, சேமிப்பு எதையும் தொடாது என்று பார்த்து, அந்தத் தொகையை உங்கள் நாட்டுப் பணத்தில் எழுதி வையுங்கள். பிட்காயினில் எழுத வேண்டாம். 0.0005 என்று திரையில் பார்க்கும்போது அது காசாகவே தோன்றாது. பல தளங்களில் இருப்பை உங்கள் நாட்டுப் பண மதிப்பில் காட்டும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. கணக்கு திறந்ததும் முதல் வேலையாக அதைப் போடுங்கள். பிட்காயின், ஈதர் போன்றவற்றில் இருப்பு வைத்தால் ஆட்டத்தில் ஜெயித்தும் விலைச் சரிவில் நஷ்டப்படலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். டாலரோடு கட்டிய ஸ்டேபிள்காயினில் அந்த ஒரு தலைவலி பெரும்பாலும் இல்லை.

கடன் வாங்கிய பணம், விட்டதைப் பிடிக்கப் போடும் பணம் இரண்டும் இந்தத் தொகைக்குள் வரவே கூடாது.

மூன்றாம் படி: தளத்தைச் சோதித்தல்

பக்கத்தின் அடியில் உரிம முத்திரை இருக்கும். அதைப் படமாக ஒட்டிவைக்க யாராலும் முடியும். முத்திரையை அழுத்தினால் ஒழுங்குமுறை அமைப்பின் சொந்த முகவரிக்குப் போக வேண்டும். அதையும் நம்பாமல், அந்த அமைப்பின் தளத்தை நீங்களே தனியாகத் திறந்து, உரிமப் பட்டியலில் கேசினோவின் இணைய முகவரி எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனப் பெயர் இருந்து இணைய முகவரி இல்லையென்றால் அது போதாது. வேறொருவரின் உரிம எண்ணைக் கடன் வாங்கியிருக்கலாம்.

கிரிப்டோ கேசினோக்களில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது கரீபியன் தீவான குராசோவின் உரிமம். அங்கே முன்பு நான்கு தனியார் நிறுவனங்கள் மூல உரிமம் வைத்துக்கொண்டு, அதன் கீழ் மற்றவர்களுக்குத் துணை உரிமம் கொடுத்துவந்தன. ஜேஏஇசட் (JAZ) என்ற எழுத்துகள் வரும் எண்கள் அந்தக் காலத்தவை. 2024 டிசம்பர் 24 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து அந்த ஏற்பாடு மாறிவிட்டது. பழைய எண்ணை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும் தளத்தை உரிமம் உள்ள தளமாக எண்ண வேண்டாம். சரியான உரிமம் இருந்தாலும்கூட, தகராறு வந்தால் எல்லா அமைப்புகளும் ஆட்டக்காரருக்காக ஒரே அளவில் பாடுபடுவதில்லை. மால்டா, மேன் தீவு போன்ற இடங்களின் விதிகள் கடுமையானவை; அந்த உரிமம் உள்ள கிரிப்டோ தளங்களும் அதனால் குறைவு.

அடுத்து, போலித் தளங்கள். பிரபலமான ஒருவர் புதிய கேசினோ தொடங்கியிருப்பதாகக் காணொளி வரும். ஒரு குறியீட்டைப் போட்டால் ஆயிரக்கணக்கான டாலர் இலவசம் என்பார்கள். குறியீடும் வேலை செய்யும், இருப்பும் கூடும், ஆட்டத்தில் ஜெயிக்கவும் செய்வீர்கள். எடுக்கப் போனால் 'கணக்கைச் சரிபார்க்க' 100 டாலர் கட்டச் சொல்வார்கள். திரையில் தெரியும் இருப்பு வெறும் எண். அங்கே உண்மையாக இருக்கும் ஒரே பணம் நீங்கள் கட்டப்போகும் அந்த 100 டாலர்தான். எந்தத் தளமானாலும், பணம் எடுக்க முதலில் பணம் அனுப்பு என்று சொன்னால் அது மோசடி. வரி, காப்புத்தொகை, பிளாக்செயின் கட்டணம், விஐபி நிலை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி.

தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தை அழுத்திக் கேசினோவுக்குப் போகாதீர்கள். ஓர் எழுத்து மாறிய நகல் தளங்கள் அப்படித்தான் ஆள் பிடிக்கின்றன. சரியான முகவரியை ஒருமுறை உறுதி செய்து புக்மார்க் போட்டுக்கொண்டு, பிறகு எப்போதும் அதன் வழியே மட்டும் நுழையுங்கள்.

நான்காம் படி: வாலட்டும் நெட்வொர்க்கும்

சூதாட்டத்துக்கென்று தனி வாலட் (கிரிப்டோவை வைத்து அனுப்பும் செயலி) ஒன்று வையுங்கள். சேமிப்பு இருக்கும் வாலட்டை எந்தக் கேசினோ தளத்தோடும் இணைக்காதீர்கள். சில தளங்கள் கணக்குக்குப் பதிலாக 'வாலட்டை இணை' என்று கேட்கும். அப்போது வரும் ஒப்புதல் திரையை அவசரத்தில் அழுத்தினால், உங்கள் டோக்கன்களை வரம்பில்லாமல் எடுக்க, பிளாக்செயினில் ஓடும் ஒரு நிரலுக்கு (ஸ்மார்ட் ஒப்பந்தம்) அனுமதி கொடுத்தவராகிவிடுவீர்கள். அந்த அனுமதி நீங்கள் தளத்திலிருந்து வெளியேறினாலும் நீடிக்கும். தனியாக ரத்து செய்தால்தான் போகும். ஒப்புதல் திரையில் தொகையை மாற்ற இடம் இருந்தால், அன்றைக்குத் தேவையான தொகையை மட்டும் எழுதுங்கள்.

வாலட் உருவாக்கும்போது வரும் 12 அல்லது 24 சொற்கள்தான் அதன் சாவி. அவற்றைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். புகைப்படம் எடுக்க வேண்டாம், மின்னஞ்சலில் வைக்க வேண்டாம். எந்தக் கேசினோவுக்கும் எந்த உதவி ஊழியருக்கும் அந்தச் சொற்கள் தேவைப்படாது. கேட்பவர் திருடர்.

புதியவர்கள் அதிகம் பணம் தொலைக்கும் இடம் நெட்வொர்க், அதாவது பணம் பயணிக்கும் பிளாக்செயின். யுஎஸ்டிடி என்ற ஒரே பெயரில் எத்தீரியத்தில் இஆர்சி-20, டிரானில் டிஆர்சி-20, பிஎன்பி செயினில் பிஇபி-20 என்று தனித்தனியாக ஓடுகிறது. டிரான் முகவரி 'T' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவதால் பார்த்ததும் தெரிந்துவிடும். எத்தீரியமும் பிஎன்பி செயினும் அப்படி அல்ல. இரண்டு முகவரிகளும் ஒரே வடிவம். கேசினோ இஆர்சி-20 கேட்டு நீங்கள் பிஇபி-20இல் அனுப்பினால் வாலட் எதிர்ப்பே காட்டாது, பரிவர்த்தனை வெற்றி என்றே வரும், கேசினோ கணக்கில் மட்டும் ஏறாது. மீட்டுத் தருவது முழுக்க அவர்கள் மனதைப் பொறுத்தது. எனவே கேசினோ பக்கத்தில் உள்ள நெட்வொர்க் பெயரையும் அனுப்பும் பக்கத்தில் உள்ள பெயரையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள். எக்ஸ்ஆர்பி, டான், ஸ்டெல்லர் போன்றவற்றில் முகவரியோடு மெமோ அல்லது டேக் என்று ஒரு எண்ணும் கேட்பார்கள். அதை விட்டுவிட்டால் பணம் கேசினோவுக்குப் போய்ச் சேரும், அது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது.

அனுப்பும் கட்டணத்துக்கு அந்த நெட்வொர்க்கின் சொந்தக் காயின் வேண்டும். வாலட்டில் 200 டாலர் யுஎஸ்டிடி இருந்தும் டிஆர்எக்ஸ் இல்லாததால் டிரானில் அனுப்ப முடியாமல் திணறுபவர்கள் ஏராளம். எத்தீரியத்தில் ஈதர், டிரானில் டிஆர்எக்ஸ் கொஞ்சம் முன்பே வாங்கி வையுங்கள்.

முகவரியை ஒவ்வொரு முறையும் கேசினோவின் டெபாசிட் பக்கத்திலிருந்து புதிதாக நகலெடுங்கள். பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து எடுக்கவே கூடாது. திருடர்கள் உங்கள் பரிவர்த்தனைகளைக் கவனித்து, நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியைப் போலவே முதல் நான்கு எழுத்துகளும் கடைசி நான்கும் அமைந்த ஒரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து துளியூண்டு தொகையை உங்களுக்கு அனுப்பி வைப்பார்கள். அது உங்கள் பட்டியலில் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். நகலெடுத்த முகவரியை ஒட்டுவதற்குள் மாற்றிவிடும் வைரஸ்களும் உண்டு. ஆகவே முதல் ஆறு, நடுவில் ஆறு, கடைசி ஆறு எழுத்துகளை ஒட்டிய பிறகு சரிபாருங்கள். நடுப்பகுதியைப் பார்க்காதவர்களை நம்பித்தான் இந்தத் திருட்டே நடக்கிறது.

ஐந்தாம் படி: கணக்கைப் பூட்டுதல்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல். இரட்டைச் சரிபார்ப்பு குறுஞ்செய்தியில் வேண்டாம், போனிலேயே குறியீடு உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலியில் வையுங்கள். உங்களைப் போல நடித்து உங்கள் எண்ணுக்கு வேறு சிம் கார்டு வாங்கிக் குறுஞ்செய்தியைத் திருடும் வழி பழையது. குறிப்பிட்ட முகவரிக்கு மட்டுமே பணம் எடுக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். பெயர், பிறந்த தேதி இரண்டும் ஆவணத்தில் உள்ளபடியே இருக்கட்டும்.

ஆறாம் படி: எடுத்துப் பார்த்த பிறகு ஆடுங்கள்

ஒரு தளத்தைப் பற்றி ஆயிரம் விமர்சனம் படிப்பதைவிட, சிறிய தொகையை உள்ளே போட்டு வெளியே எடுத்துப் பார்ப்பது நம்பகமானது. வரிசை இப்படி:

1. டெபாசிட் பக்கத்தில் குறைந்தபட்சத் தொகையைப் பாருங்கள். அதற்குக் கீழே அனுப்பினால் பல தளங்கள் கணக்கில் ஏற்றாது, திருப்பியும் தராது. கட்டணம் கழிந்து போய்ச் சேரும் தொகை அந்தக் குறைந்தபட்சத்தைவிடச் சற்று மேலே இருக்கும்படி அனுப்புங்கள்.
2. பணம் எடுக்கும் பக்கத்தையும் இப்போதே திறந்து பாருங்கள். எடுக்க 50 டாலர் குறைந்தபட்சம், போட 10 டாலர் போதும் என்று இருக்கும் தளங்கள் உண்டு. அப்படியென்றால் சோதனைத் தொகையை 50ஐத் தாண்டி வையுங்கள், அல்லது வேறு தளம் பாருங்கள்.
3. போனஸ் எதையும் ஏற்காதீர்கள். தானாக ஏறும் வகையில் டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.
4. அனுப்பிய பின் பரிவர்த்தனை எண்ணை நகலெடுத்து பிளாக் எக்ஸ்புளோரரில் (பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் தளம்) பாருங்கள். பிட்காயினில் பரிவர்த்தனைகள் பதிவாகும் ஒரு பிளாக் உருவாகச் சராசரியாக 10 நிமிடம். கட்டணத்தைக் குறைத்து வைத்திருந்தால் மணிக்கணக்கில் காத்திருக்கும். எக்ஸ்புளோரரில் உறுதியான பிறகும் கேசினோவில் ஏறவில்லை என்றால்தான் உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டும்.
5. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் விதி காரணமாக, போட்ட தொகையை ஒருமுறையாவது பந்தயத்தில் சுற்றாமல் எடுக்க முடியாது என்று பல தளங்கள் சொல்கின்றன. அந்த ஒரு சுற்றை மட்டும் சிறிய பந்தயங்களாக முடியுங்கள்.
6. மிச்சத்தை எடுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது, எவ்வளவு கட்டணம் பிடித்தார்கள், ஆவணம் கேட்டார்களா என்று குறித்து வையுங்கள்.

ஆவணச் சரிபார்ப்பைத் தள்ளிப்போடாமல், தளம் அனுமதித்தால் இந்தச் சிறுதொகைக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். பெரிய தொகை ஜெயித்த பின் முதன்முறையாக ஆவணம் அனுப்பி வாரக்கணக்கில் பதிலுக்குக் காத்திருப்பது மோசமான நிலை. பணத்தை எடுக்கும்போது அது உங்கள் சொந்த வாலட்டுக்கே போகட்டும். டெபாசிட் வந்த அதே முகவரிக்குத் திருப்பி அனுப்பும் தளங்களும் உண்டு. எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) நேராக அனுப்பியிருந்தால் அந்த முகவரி எக்ஸ்சேஞ்சின் பொதுவான வாலட். அங்கே திரும்பும் பணம் உங்கள் கணக்கில் ஏறாது.

போனஸ் கணக்கு

100 டாலர் போட்டால் 100 டாலர் போனஸ், 40 மடங்கு பந்தய நிபந்தனை. இது சாதாரணமாகக் கண்ணில் படும் சலுகை. போனஸுக்கு மட்டும் 40 மடங்கு என்றால் 4,000 டாலர் பந்தயம் கட்ட வேண்டும். 96 ஆர்டிபி ஸ்லாட்டில் அதன் சராசரி இழப்பு 160 டாலர், அதாவது கிடைத்த போனஸைவிட 60 அதிகம். போட்ட பணம், போனஸ் இரண்டுக்கும் சேர்த்து 40 மடங்கு என்று எழுதியிருந்தால் 8,000, இழப்பு 320. ரூலெட் ஆடினால் 10 சதவீதம்தான் கணக்கில் சேரும் என்று ஒரு வரி இருந்துவிட்டால், 4,000 என்பது 40,000 ஆகிவிடும். இதோடு ஒரு பந்தயத்துக்கு உச்சவரம்பும் இருக்கும். 5 டாலர் வரம்பு உள்ள இடத்தில் மறந்துபோய் ஒரே ஒரு முறை 6 டாலர் கட்டினாலும், மொத்த வெற்றியையும் ரத்து செய்ய அவர்களுக்கு அது காரணமாகிவிடும்.

புதியவர் போனஸே வாங்காமல் ஆடுவது நல்லது. ரேக்பேக், அதாவது தளத்தின் பங்கில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது, இதைவிட நேர்மையானது, ஆனால் சிறியது. 1 சதவீதச் சாய்வுள்ள ஆட்டத்தில் 1,000 டாலர் பந்தயம் கட்டினால் தளத்தின் பங்கு 10 டாலர். அதில் 5 சதவீதம் ரேக்பேக் என்றால் திரும்புவது 50 சென்ட்.

'புரோவபிளி ஃபேர்' என்பதைச் சரிபார்க்கும் விதம்

ஆட்டத்தின் முடிவு நேர்மையானதா என்று ஆட்டக்காரரே சரிபார்க்கும் முறை இது. கிரிப்டோ கேசினோக்களுக்கே உரிய நல்ல அம்சம். பந்தயத்துக்கு முன்பே தளம் ஒரு ரகசிய சர்வர் சீடைத் (முடிவை உருவாக்க உதவும் எழுத்துத் தொடரை) தேர்ந்தெடுத்து, அதன் ஷா-256 ஹாஷை (அதிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீட்டை) உங்களுக்குக் காட்டிவிடுகிறது. உங்கள் பக்கம் ஒரு கிளையன்ட் சீட். ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒன்று கூடும் நான்ஸ் என்ற எண். மூன்றும் கலந்துதான் முடிவு பிறக்கிறது. ஹாஷை முன்பே காட்டிவிட்டதால் பின்னர் சர்வர் சீடை மாற்ற முடியாது. கிளையன்ட் சீட் உங்களுடையது என்பதால் முடிவை முன்கூட்டித் தங்களுக்குச் சாதகமாக அமைக்கவும் முடியாது.

செய்முறை: ஆடத் தொடங்கும் முன் 64 எழுத்துள்ள அந்த ஹாஷை ஒரு குறிப்பில் நகலெடுங்கள். கிளையன்ட் சீடைத் தளம் கொடுத்தபடியே விடாமல் நீங்களே ஏதாவது தட்டி மாற்றுங்கள். ஆடி முடித்ததும் சீடை மாற்றும் பொத்தானை அழுத்தினால் பழைய சர்வர் சீட் வெளிப்படும். அதைத் தளத்துக்கு வெளியே உள்ள ஒரு ஷா-256 கருவியில் போட்டு, வரும் 64 எழுத்தும் நீங்கள் குறித்து வைத்ததும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு இரண்டு மூன்று பந்தயங்களின் முடிவை அவர்கள் வெளியிட்ட சூத்திரப்படி கணக்கிட்டு ஒப்பிடுங்கள். சூத்திரத்தையே வெளியிடாத தளத்தில் அந்த வாசகம் அலங்காரம்தான்.

முடிவை நடுவில் மாற்றவில்லை என்பதற்கு மேல் இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. தளத்தின் சாய்வு அப்படியே இருக்கும். பணம் கொடுப்பார்களா என்பதற்கும் இதில் பதில் இல்லை. வேறு நிறுவனங்கள் தயாரித்த ஸ்லாட், நேரலை மேசை ஆட்டங்களுக்குப் பொதுவாக இது பொருந்தாது. ஒரே ஸ்லாட்டை வெவ்வேறு ஆர்டிபி அளவுகளில் தயாரிப்பாளர்கள் கொடுப்பதும் உண்டு என்பதால், ஆட்டத்துக்குள் இருக்கும் உதவிப் பக்கத்தில் அந்தத் தளத்துக்கான எண்ணைப் பாருங்கள்.

ஆடும்போது

டெபாசிட் வரம்பு, இழப்பு வரம்பு, நேர வரம்பு மூன்றையும் முதல் நாளே போடுங்கள். தோற்றுக்கொண்டிருக்கும்போது யாரும் வரம்பு போடுவதில்லை. தானியங்கிப் பந்தயத்தில் 'இவ்வளவு இழந்தால் நில்' என்ற கட்டம் காலியாக இருந்தால் இயக்காதீர்கள்.

தோற்கத் தோற்க இரட்டிப்பாக்கும் மார்ட்டிங்கேல் முறையைப் பலர் உறுதியான வழியாக விற்கிறார்கள். 1 டாலரில் தொடங்கி எட்டு முறை தொடர்ந்து தோற்றால் போனது 255 டாலர். ஒன்பதாவது பந்தயம் 256 டாலர். அதை ஜெயித்தால் மொத்த லாபம் 1 டாலர். ஐரோப்பிய ரூலெட்டில் சிவப்பு, கறுப்பு போன்ற சமப் பந்தயத்தில் ஒரு தொடர் எட்டும் தோல்வியாக முடிய 207இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஒரு மாலை முழுக்க ஆடுபவருக்கு அது தொலைவில் இருப்பதே இல்லை.

ஜெயித்த பணத்தை அன்றே எடுத்துவிடுங்கள். 2023 செப்டம்பரில் ஸ்டேக் தளத்தின் வாலட்டுகளிலிருந்து சுமார் 4.1 கோடி டாலர் திருடப்பட்டது. வட கொரியாவின் லாசரஸ் குழுவே காரணம் என்று எஃப்பிஐ அறிவித்தது. பெரிய தளங்களுக்கே இந்த ஆபத்து உண்டு என்றால் சிறியவற்றில் இருப்பு வைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எடுக்கக் கொடுத்த கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது 'ரத்து செய்து ஆடு' என்ற பொத்தான் சில தளங்களில் கண்முன் நிற்கும். கோரிக்கை கொடுத்ததும் வெளியேறிவிடுங்கள்.

பணம் சிக்கிக்கொண்டால்

தளத்துக்குள் இருக்கும் உதவி அரட்டையில் மட்டும் பேசுங்கள். டெலிகிராமில் தானாக வந்து 'உதவி மேலாளர்' என்று அறிமுகமாகிறவர் அந்தத் தளத்தைச் சேர்ந்தவர் அல்ல. பரிவர்த்தனை எண், தேதி, அரட்டையின் திரைப்பிடிப்பு, அன்றைய விதிமுறைப் பக்கத்தின் நகல் எல்லாவற்றையும் சேமியுங்கள். பிறகு உரிமம் கொடுத்த அமைப்பிடம் எழுத்தில் புகார் செய்யுங்கள். மோசடி என்று தெரிந்தால் உங்கள் நாட்டு இணையக் குற்றப் பிரிவிலும் பதியுங்கள். இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்கள் ஏமாந்தவர்களையே இரண்டாம் முறை ஏமாற்ற வருகிறவர்கள். பிளாக்செயினை அவர்களாலும் திருப்ப முடியாது.

நிறுத்த வேண்டிய நேரம்

முன்பே எழுதிய தொகையைத் தாண்டினீர்களா, வீட்டில் மறைக்கிறீர்களா, விட்டதைப் பிடிக்கவே உள்ளே போகிறீர்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் அன்றே சுய விலக்கு கோருங்கள். கேசினோவின் கணக்கு அமைப்பில் 24 மணி நேர இடைவெளி முதல் நிரந்தர மூடல் வரை இருக்கும், நிரந்தரத்தையே தேர்ந்தெடுங்கள். அரட்டையில் கேட்டால் போனஸ் தந்து தக்கவைக்கப் பார்ப்பார்கள், எனவே மின்னஞ்சலில் எழுதிப் பதிலைச் சேமியுங்கள். நாட்டளவிலான சுய விலக்குப் பட்டியல்கள் அந்த நாட்டு உரிமம் உள்ள தளங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். வெளிநாட்டு உரிமத்தில் ஓடும் கிரிப்டோ கேசினோக்கள் பெரும்பாலும் அதற்குள் வராது. ஒரு தளத்தில் மூடினால் அடுத்த தளம் ஐந்து நிமிடத்தில் திறக்கும். அதனால் பெட்பிளாக்கர் போன்ற இலவசத் தடுப்புச் செயலியை போன், கணினி இரண்டிலும் போட்டு, நீக்க முடியாத கால அளவை நீளமாக வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் கணக்கில் சேமித்துள்ள அட்டை விவரத்தை அழியுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். கேம்ளர்ஸ் அனானிமஸ் அமைப்பு 1957 முதல் இயங்குகிறது. அதன் கூட்டங்கள் இணையத்திலும் நடக்கின்றன, கட்டணம் கிடையாது, பெயரையும் முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை.